செல்லாத அடி

கோபே, ஜப்பான்
10-1-1935

சௌபாக்கியவதி கிருஷ்ணவேணிக்கு ஆசீர்வாதம்.

நலம். பட்டுநூல் கம்பெனியில் மாலை ஐந்துக்கு மேல் என்னோடு பேச ஆளில்லை. அதனால் கெண்டோ பழகச் சேர்ந்திருக்கிறேன். மூங்கில் வாளால் அடித்துக்கொள்ளும் வித்தை. சிரிக்காதே. ஒரு மாதமாகப் பலகைத் தரையில் வெறுங்காலைத் தேய்த்து நடக்கத்தான் விடுகிறார்கள். குளிரில் பாதம் வெடித்துவிட்டது.

இதில் ஒரு விந்தை. தலையில் அடித்தால் 'மென்', மணிக்கட்டில் அடித்தால் 'கோதே' என்று அந்த இடத்தின் பெயரைக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் அடி செல்லாது. எனக்குத்தான் குரலே வருவதில்லை.

வைகாசி கருடசேவைக்கு ஊரில் இருப்பேன்.

வரதராஜன்

காஞ்சிபுரம்
பவ வருஷம் மாசி 8

என் பிராணநாதருக்கு அடியாள் நமஸ்காரம்.

அடி வாங்கவா கப்பலேறிப் போனீர்கள்? பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவுங்கள்.

பெயரைச் சொன்னால்தான் செல்லுமாம்! எனக்கு வாய்த்ததோ சொல்லவே கூடாத பெயர். கோயிலில் பெருமாளுக்கும் உங்கள் பெயர்தானே, எல்லோரும் அதைச் சொல்லி வாய்நிறையக் கூப்பிட, நான் மட்டும் 'பேரருளாளா' என்று சமாளிக்கிறேன்.

ஒருத்திக்காக உலை வைக்கச் சலிப்பாக இருக்கிறது. வைகாசிக்கு வந்துவிடுங்கள்.

தங்கள்
வேணி

கோபே
6-4-1935

அன்புள்ள வேணிக்கு,

நேற்றுதான் குரல் வந்தது. எதிராளியின் தலையில் சரியாக அடித்தேன். 'மென்' என்பதற்குப் பதில் 'வேணி' என்று கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அடி செல்லவில்லை. அழுகை வந்துவிட்டது, முகக்கூண்டு மாட்டியிருந்ததால் மானம் பிழைத்தது.

கம்பெனியில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளாதே.

வரதராஜன்

காஞ்சிபுரம்
யுவ வருஷம் வைகாசி 12

வரதராஜனுக்கு,

இன்று விடியற்காலை கருடசேவை. கோபுர வாசலில் பெருமாள் வந்து நின்றதும் கூட்டமே 'வரதா, வரதா' என்றது. இத்தனை வருஷம் வாயைப் பொத்தியவள், நானும் கத்தினேன். அவரை அல்ல, உங்களை.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் என் தோளைப் பிடித்து, "இன்னாம்மா, வூட்டுக்காரர் பேரைச் சொல்லிக்கினு இருக்கே, அவருக்கு ஆயுசு கொறையுமே!" என்றாள்.

"சொல்லாம இருந்து இன்னாத்தைக் கண்டேன்?" என்றேன்.

என் பெயரை அந்தக் கூடத்தில் கத்தினீர்கள். படித்து அழுதேன். ஆனால் அது கம்பெனிக்காரர்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பெயர்.

இந்த வீட்டில் தனியே மூன்று வருஷம் என்னால் முடியாது. மாகறலில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சாவி பொன்னியம்மாளிடம். எப்போது வந்தாலும் சரி, மாகறல் தெருவில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஊருக்கே கேட்க வேண்டும். அப்போதுதான் செல்லும்.

கிருஷ்ணவேணி