அக்கா தட்டிய கடைசி அத்தியாயம்

1987, நவ. 1, ஞாயிறு. நகாசி.

விடிந்ததிலிருந்து மழை. பஸ் இல்லை, கடை இல்லை, கொடியில் துணி போடக்கூடாது. இந்தத் தீவில் பட்டாளம் இரண்டாம் தடவை ஆட்சியைப் பிடித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாதாம். ஆறு நாளும் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஏழாம் நாள் ஓய்வு கட்டாயம்.

அடுத்த தெருவிலிருந்து ரோஸ் அக்கா குடையோடு வந்தாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மொழிபெயர்ப்பு. டைப்ரைட்டருக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டோம். அப்படியும் சத்தம்.

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவில், நூமேயாவில், ஒரு சின்னப் பெண் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவல். ஆக்லாந்தில் ஒரு சிறு பதிப்பகத்துக்கு இங்கிலீஷில் தரவேண்டும். நான் பிரெஞ்சைப் படித்து, வாய்விட்டுத் தமிழில் சொல்வேன். அக்கா அதைக் கேட்டு இங்கிலீஷில் தட்டுவாள். நடுவில் வரும் தமிழ் காகிதத்தில் ஏறுவதே இல்லை. எத்தனையோ வருஷமாக இப்படித்தான். வெளியே சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மேரே வேலியோரம் வந்து இங்கிலீஷில் சொன்னாள்: "ரோந்து வந்த பையங்க என்ன சத்தம்னு கேட்டாங்க. போதகருக்குப் பிரசங்கம் தட்டறாங்கன்னு சொல்லிட்டேன். ஓய்வு நாள்ல பொய் சொன்ன பாவம் உங்க கணக்குல."

நாங்கள் கத்தோலிக்கர்கள், அவள் மெதடிஸ்ட். பாவத்தை எந்தக் கோயிலில் கொண்டுபோய் இறக்குவது, தெரியவில்லை.

நவ. 3, செவ்.

வெயில். அரிசி, சோப்பு, டைப்ரைட்டர் ரிப்பன் (கறுப்பு மட்டும்). ரிப்பன் கிடைக்கவில்லை.

ஆக்லாந்து எடிட்டரிடமிருந்து கடிதம். முதல் நாலு அத்தியாயம் பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு சந்தேகம். வீட்டுக்குள் வருகிற எல்லோரையும் ஏன் "சாப்பிட்டாயா" என்று கேட்கிறார்கள்? மூலத்தில் வெறும் மாலை வணக்கம்தானே? தபால்காரனைக்கூடக் கேட்கிறார்களே?

புரட்டிப் பார்த்தேன். நிஜம்தான். பக்கத்துக்குப் பக்கம் சோறு போட்டிருக்கிறோம்.

அக்காவுக்கு வெட்கமே இல்லை. "தபால்காரன்னா அவனுக்குப் பசிக்காதா?" என்கிறாள்.

இது அம்மாவிடமிருந்து வந்த வியாதி. ரராவாயில் இருந்தபோது ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாடப்புத்தகம் கொடுத்தார். நான் இடது பக்கம், அக்கா வலது பக்கம். அதனால் கதை எப்படி முடிகிறது என்று எப்போதும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். கரும்பு ரயில் தண்டவாளத்தில் நடந்து வீட்டுக்கு வருவோம். மில் ஓடும் மாதங்களில் வெள்ளை ஜாக்கெட்டில் கரி விழும், ஊரெல்லாம் பாகு வாசனை. அம்மா அடுப்படியில் உட்காரவைத்து, "இன்னிக்கு அந்தம்மா இன்னா கதை சொன்னாங்க?" என்று கேட்பாள். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு தமிழில் சொல்வோம். எந்த ராஜகுமாரி காட்டில் தொலைந்தாலும் அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "அந்தப் பொண்ணுக்கு யாரும் சோறு போடலியா?" போட்டார்கள் என்று சொல்லிவிடுவோம். இல்லாவிட்டால் அவள் மேலே கேட்கமாட்டாள்.

அந்த அடுப்படிக்கு ஒரு தடவை போய்விட்டு வரவேண்டும் போலிருக்கிறது. வீடு இப்போது வேறு யாருடையதோ.

தபால்காரனைப் பட்டினி போட்டுத் திருத்தியாகிவிட்டது.

நவ. 6, வெள்ளி.

புழுக்கம். அக்காவுக்கும் அத்தானுக்கும் டிக்கெட் வந்துவிட்டது. அடுத்த சனி சாயங்காலம் நாடி ஏர்போர்ட்டிலிருந்து. வான்கூவர்.

நௌசோரி பஸ்ஸில் பின்சீட்டில் ஒரு பெண் ஹிந்தியில்: "எங்க தெருவுல இப்ப நாயுங்க மட்டும்தான் மிச்சம். எல்லாத்துக்கும் நானே தீனி வைக்கிறேன்."

அக்கா எனக்கு விட்டுப்போவது: தையல் மெஷின், அம்மி, ரோஜாத் தொட்டி மூன்று, பிரெஞ்சு அகராதி. அகராதியை எடுத்துப் போ என்றேன். "அங்க யாரு கூட உக்காந்து பார்க்கிறது?" என்றாள்.

வழியனுப்ப நாடிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலைவலி, பையன்களுக்குப் பரீட்சை, என்னென்னவோ சொன்னேன்.  துணி மடித்தபடியே இருந்தாள்.

கோபம்தான். அவள் போனபிறகு நான் தமிழ் பேச இந்தத் தீவில் யார்? என் வீட்டுக்காரர் செத்து எட்டு வருஷம். பையன்களுக்குத் திட்டினால் மட்டும் தமிழ் புரியும். இந்த நோட்டை மேஜைமேலே திறந்தே போட்டிருக்கிறேன், ஒருவனும் படிக்கமாட்டான்.

நவ. 8, ஞாயிறு.

மழை. கடைசி அத்தியாயம். கதாநாயகி செலின் விடியற்காலையில் பிரான்சுக்குப் புறப்படுகிறாள். அவள் அம்மா அறைக்குள் விழித்தபடி படுத்திருக்கிறாள். பெட்டி இழுபடுவது, கதவு திறப்பது எல்லாம் கேட்கிறது. எழுந்து வரவில்லை. அவ்வளவுதான், நாவல் முடிந்தது.

தமிழில் சொல்லி முடித்தேன். அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"எந்திரிக்கவே இல்லியா?"

"இல்ல."

விரல் வலிக்கிறது, வீட்டில் வைத்து மெதுவாகத் தட்டிக்கொள்கிறேன் என்றாள். டைப்ரைட்டரைக் குழந்தை மாதிரி மழைக்கோட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். ரோந்துக்காரர்கள் பார்க்கவில்லை, நல்லவேளை.

நவ. 10, செவ்.

அக்கா தட்டிக் கொடுத்ததை மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன். அம்மா எழுந்துவிட்டாள்! அடுப்பு மூட்டுகிறாள், ரொட்டி பொட்டலம் கட்டுகிறாள், கேட் வரைக்கும் வருகிறாள். முழுசாக ஒரு பக்கம். இது தபால்காரன் மாதிரி கைதவறி வந்தது இல்லை.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது அந்தப் பொண்ணு எழுதினது இல்ல."

"தெரியும்."

"திருப்பித் தட்டு."

"நீ தட்டிக்கோடி. என்னால ஆகாது." ஒரு தட்டைச் சுற்றிவிட்டு, "அவ வராம படுத்துகினு இருந்தா, இவ எப்பிடிடீ படி எறங்குவா?" என்றாள்.

யாரைக் கேட்கிறாள் என்று புரிந்தது. டைப்ரைட்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவ. 12, வியாழன்.

இரண்டு விரலால் தட்டினேன். காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டிவிட்டது. பாதியில் அக்காவின் பக்கத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றியது. அதுதான் நன்றாகவும் இருந்தது. ஆனால் இது அந்தப் பெண்ணின் முதல் புத்தகம். அவள் அம்மாவை எழுப்ப நாங்கள் யார்?

தட்டும்போதுதான் தெரிந்தது, எழுந்து வராத அந்த அம்மாவை எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். அழுதேன். ஒரு தாள் நனைந்துபோய் மறுபடி தட்டவேண்டியதாயிற்று.

நவ. 13, வெள்ளி.

தபாலில் சேர்த்தாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் பெயர்: இரண்டு பேருடையதும்.

அக்காவும் அத்தானும் இன்று காலையே காரில் போய்விட்டார்கள். நாடி ஏர்போர்ட் பக்கம், வோட்டுவாலேவில் அத்தானின் தங்கை வீட்டில் தங்கல். போகும்போது இந்தத் தெரு வழியாகத்தான் போனார்களாம், மேரே சொன்னாள். நான் பின்கட்டில் இருந்தேன். வேண்டுமென்றுதான்.

நவ. 14, சனி. வோட்டுவாலேவு.

முதல் பஸ். சொல்லாமல் வந்தேன். வழியெல்லாம் சோதனைச் சாவடி, பையைத் திறந்து திறந்து காட்டினேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். 

"எதை அனுப்பினே?"

"அவ எழுதினதை."

"சரி," என்றாள். பிறகு, "நல்லா வெறைப்பா தட்டியிருப்பே," என்றாள். சிரித்தாள். மத்தியானம் முழுக்கப் பேசினோம். ரராவாய், கன்னியாஸ்திரியின் மீசை, அம்மாவிடம் நாங்கள் சொன்ன பொய்க்கதைகள். அத்தான் இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டினார்.

ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனபிறகும் அவள் வாய் அசைந்தது. கேட்கவில்லை.

நவ. 15, ஞாயிறு. வோட்டுவாலேவு.

வெயில். பஸ் கிடையாது, நாளைக்குத்தான் போகமுடியும். இந்த வீட்டார் தங்கமானவர்கள், தமிழ்தான் ஒருவருக்கும் வராது. பெரிய பையன், "மௌசி, சாய் பீயேகா?" என்று டீ குடிக்கக் கூப்பிட்டான். ஹிந்தியில் சரி என்றேன். ஹிந்தியில் மழை, விலைவாசி, யார் யார் எந்த நாட்டுக்குப் போகிறார்கள். மத்தியானமும் ஹிந்தி.

இருட்டப்போகிறது. விடிந்ததிலிருந்து இதுவரை ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை.