போனில் நான் சொன்ன பதில்

அப்பாவுக்கு,

நீங்கள் எல்லோரும் தூங்கிவிட்டீர்கள். குளியலறை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வேலை தேடிப் போகும்போது போனை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள். சின்னப் பெண் குரலைக் கேட்டால் கடன்காரர்கள் அடங்கிவிடுவார்களாம். ஆனால் அதே நம்பரைத்தான் வேலை கேட்டு லேத் பட்டறை பட்டறையாகக் கொடுத்துவிட்டும் வருகிறீர்கள்! கடன் வாங்கியது நீங்கள், பொய் சொல்வது நான். அலுத்துவிட்டது அப்பா.

இன்று சாயங்காலம் ஒருவர் கூப்பிட்டு, "அப்பா இருக்காராம்மா?" என்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"அப்பா ஊர்லயே இல்ல சார். எப்ப வருவார்னு தெரியாது. வந்தாலும் இங்க வரமாட்டார்."

"அடடா, லேத் ஓட்ட ஆள் வேணும்னுதான் கூப்பிட்டேன். சரிம்மா, வேற ஆளப் பாத்துக்கறேன்."

வைத்துவிட்டார்.

நீங்கள் வந்ததும், "இன்னைக்கு எத்தனை பேர விரட்டினே?" என்று கேட்டீர்கள். "ஒருத்தரத்தான்" என்றேன். "அடி என் வக்கீலே!" என்று தலையைத் தடவினீர்கள். அம்மாகூடச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! அப்போது நான் எப்படிச் சொல்வேன்?

அந்த நம்பர் போனில் கடைசியாக இருக்கிறது. விடிந்ததும் நீங்களே கூப்பிடுங்கள். அவரிடம் என்ன கதை விடலாம் என்று யோசிக்காதீர்கள். கடனுக்குப் பயந்து மகளைப் பொய் சொல்லச் சொன்னேன் என்றே சொல்லிவிடுங்கள்.

இனி யார் கேட்டாலும் அப்பா இருக்கிறார் என்றுதான் சொல்வேன். அதனால் போனை நீங்களே கொண்டுபோங்கள்.

பயந்துகொண்டும் கோபித்துக்கொண்டும்,
உங்கள் மகள்