விரதமும் சர்க்கரை மாத்திரையும்

அம்மா,

இன்று காலை அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்தபோது அட்டை படக்கென்று சத்தம் போட்டது. உன் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு அம்மா என்றால் தாளிக்கிற வாசனை வருமாம். எனக்கு இந்தச் சத்தம்தான்.

உங்கள் இருவருக்கும் ஒரே வியாதி, ஒரே மாத்திரை. அப்பாவின் தையல் வருமானத்தில் இரண்டு பேருக்கும் மாதம் முழுக்க வாங்கக் கட்டுப்படியாகாது. இதை நீ யாரிடமும் சொல்லவில்லை. விரதங்களைக் கூட்டிக்கொண்டாய், அவ்வளவுதான். முதலில் கிருத்திகையும் பௌர்ணமியும். பிறகு பிரதோஷம், சோமவாரம், வெள்ளிக்கிழமை. "வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாதுடி" என்பாய். திருவண்ணாமலையில் ஒருத்தி பட்டினி கிடந்தால் ஏன் என்று யார் கேட்பார்கள்? எதிர்வீட்டு அக்கா உன் காலில் விழாத குறை.

பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெனரிக் மருந்துக்கடை வந்தது. "அதே மருந்துதாங்க, கம்பெனி பேரு மட்டும் வேற" என்றார் கடைக்காரர். நீ நம்பவில்லை. "இவ்ளோ கம்மியா குடுக்குறான்னா சுண்ணாம்பை உருட்டி வச்சிருப்பான்" என்றாய். டாக்டரிடம் அட்டையைக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் வாங்கினாய். பழைய விலையில் கால்வாசிகூட இல்லை.

அந்த மாதமே சோமவார விரதம் போனது. அடுத்து பிரதோஷம். பௌர்ணமியன்று காலையில் நீ தட்டு நிறைய இட்லியோடு உட்கார்ந்ததைப் பார்த்து, "இன்னாம்மா, சாமி கோச்சுக்காதா?" என்று கிண்டல் செய்தேன்.

சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னாய்: "நான் எதுக்குப் பட்டினி கெடந்தேன்னு அவருக்குத் தெரியாதா? மாத்திரை பத்தல, அதுக்குத்தான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. அதற்குள் உன் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வருஷக்கணக்கில் மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டதும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார். ஊருக்கு வந்த கடை உனக்கு மட்டும் தாமதமாக வந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகும், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா "அவளுக்கு பக்தி ஜாஸ்தி" என்கிறார். நான் திருத்துவதில்லை. விஷயம் தெரிந்தால் அவருக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது.

போன வருஷம் எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. அதே கடையில்தான் வாங்குகிறேன், ஒரு நாளும் விடுவதில்லை. தீபத்தன்று எதிர்வீட்டு அக்கா, "உங்கம்மா மாதிரி நீயும் விரதமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இல்லக்கா, சாப்ட்டு மாத்திரை போட்டுக்கினேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. உன் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும், அம்மா.