மூக்கு லாரிக்குக் குட்டைச் சேசிஸ்

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணா,

மூக்கு லாரியை மறுபடி ஓட்டுகிறேன். ஆமாம், உங்களைக் கொன்ற அதே லாரிதான். கவிழ்ந்தும் அதன் மூக்கில் பெரிய கீறல்கூட இல்லை. கதவு திறந்து வெளியே விழுந்த நீங்கள்தான் நசுங்கிப் போனீர்கள்.

இன்ஜின் மூக்குபோல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அப்பா ஓட்டிய வண்டி. அடிச்சட்டம் துருவேறிப்போனதால், முகப்பை வைத்துக்கொண்டு அடியில் வேறு சேசிஸ் போடலாம் என்று முடிவானபோது, வேலம்பாளையம் பட்டறையில் இரண்டு கிடந்தன. பழைய பஸ்ஸின் நீளச் சேசிஸ் ஒன்று. குட்டையாக, அகலமாக, கனத்த ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னொன்று. குட்டையைப் போடச் சொல்லி மன்றாடினேன்.

"துணிக்கு என்னடா கனம்? நீளமா இருந்தாத்தான நாலு மூட்டை சேத்திப் போடலாம்" என்றீர்கள்.

நீளத்தையே போட்டீர்கள். பிறகு உங்கள் சோதனை. முன்கண்ணாடியோரம் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து அருள்புரம் வளைவில் திருப்பினீர்கள். சொட்டுச் சிந்தவில்லை. என்ன மிதப்பு உங்களுக்கு! பின்னால் இருந்தது சாயம் போடப் போகிற காய்ந்த துணி. பிறந்ததிலிருந்து பனியன் துணியில் புரண்ட உங்களுக்கு, அது ஈரத்தில் கனத்தும் திரும்பி வரும் என்று தெரியாதா?

மழை நாளில் சாயப்பட்டறையின் உலர்த்தும் மிஷின் நின்றுபோனது. ஈரத்துணியை அப்படியே ஏற்றினீர்கள். "பாதிய எறக்கி வெச்சுட்டு வாங்கண்ணா" என்று செல்லில் கெஞ்சினேன். கட் செய்தீர்கள். அதே வளைவில் பாரம் ஒரு பக்கம் சாய, வண்டியும் கூடவே போனது.

எழவுக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். விதியாவது! வெறும் வீம்பு. அதைச் சுடுகாட்டிலேயே சொல்லிவிட்டேன். அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இப்போது குட்டைச் சேசிஸ் போட்டாயிற்று. நேற்று அண்ணியே வந்து ஏறிக்கொண்டார், மடியில் உங்கள் சொம்போடு. பின்னால் முழுப்பாரம் ஈரத்துணி. வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது. சொம்புத் தண்ணீர் லேசாகத் தளும்பி அடங்கியது.

அழுவார் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் திரும்புதுங்க தம்பி. இதப் பாக்கறதுக்கு அந்த மனுசன் உசுரோட இருந்திருக்கோணும். தோத்துப் போன மொகத்த ஒருக்கா பாத்திருப்பேன்."

சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

இதுவரை நிறுத்தியதுபோல இனி அந்த வளைவில் உங்களுக்காக வண்டியை நிறுத்த மாட்டேன், அண்ணா. ஈரத்துணி ஏற்றிப்போய் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திரும்பிக் காட்டுவேன். பார்த்துக்கொண்டே கிடங்கள்.

கடைசிவரை நீங்கள் காது கொடுக்காத,
உங்கள் கூடப்பிறந்தவன்