கடைசிப் பத்தியை எடுத்தது யார்?

மார்ச் 3, செவ்வாய்

நகராட்சித் தலைவரின் பதில் இன்றும் அச்சாகவில்லை. ஆதாரம்: மூன்றாம் பக்கம், என் மேசைமேல் விரித்துக் கிடக்கும் இன்றைய இதழ். குடிநீர்க் குழாய் ஒப்பந்தம் பற்றி நான் எழுதிய செய்தி. எதிர்க்கட்சி உறுப்பினரின் புகார் முழுசாக வந்திருக்கிறது. தலைவரின் மறுப்பு மட்டும் இல்லை. நான் அனுப்பிய பிரதியைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது, வழக்கம்போல் கடைசிப் பத்தியில். போன வாரம் குப்பைக் கிடங்குச் செய்தியிலும் இப்படித்தான் ஆனது.

தலைவரின் உதவியாளர் காலையிலேயே போன் செய்தார். "நாங்க பேசினா மட்டும் உங்க பேனா எழுதாதா சார்?"

என் கையைத் தாண்டினால் பிரதி போவது கத்தரியிடம். எங்கள் உதவி ஆசிரியர். வெட்டி வெட்டியே வாங்கிய பெயர். போனை எடுத்தால் அவரே "கத்தரி பேசறேன்" என்பார். அவருக்குப் பிறகு தலைமை அலுவலகம். ஜனவரியிலிருந்து எல்லா ஊர்ப் பதிப்புகளின் பக்கங்களையும் அங்கேதான் அமைக்கிறார்கள். அதற்கு முன்பு நம் ஊர்ப் பக்கம் கத்தரியின் வேலை. தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நம் ஊரில் யார் தலைவர், யார் உறுப்பினர் என்றே தெரியாது. அவர்கள் ஏன் எடுக்க வேண்டும்?

அப்படியென்றால்?

மார்ச் 4, புதன்

மனைவியின் அண்ணன் நம் பேப்பரை நிறுத்திவிட்டார். தலைவரின் கட்சிக்காரர். "மாப்ளே, உங்க மேல கோபமில்ல. அவங்க கட்சி நோட்டீஸ நான் ஏன் காசு கொடுத்து வாங்கணும்?"

மனைவி குறுக்கே வந்தாள். "அண்ணனை விடுங்க. நீங்க எழுதினதை யாரு எடுக்கறான்னு முதல்ல கண்டுபிடிங்க."

மூலைக்கடையில் நம் பேப்பர் கட்டு மதியம்வரை பிரிக்காமலே கிடந்தது.

மார்ச் 6, வெள்ளி

எதிர்க்கட்சி உறுப்பினருக்குச் சொந்தமாக ஓர் அச்சகம் உண்டு. அதன் வாசலிலிருந்து கத்தரி இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தார்.

அலுவலகத்தில் கேட்டேன், எங்கே போயிருந்தீங்க என்று. "பல் டாக்டர்."

அந்தத் தெருவில் ஒரு பல் டாக்டர் இருப்பது உண்மைதான். ஆனால் சொல்லி முடித்த கையோடு வறுத்த கடலையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 9, திங்கள்

ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "பேரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

ஏன் ஆச்சரியப்படவில்லை?

மார்ச் 11, புதன்

இந்த மாதக் கடைசியோடு கத்தரிக்கு வேலை இல்லை. ஆசிரியரே கூட்டத்தில் அறிவித்தார். காரணம் "நம்பிக்கை சம்பந்தப்பட்டது". கத்தரி எழுந்துபோய்த் தன் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

நான் செய்தது சரிதானே? சரிதான்.

மார்ச் 13, வெள்ளி

பள்ளி விளையாட்டுப் போட்டி பற்றிய என் சின்னச் செய்தி இன்று வந்தது. ஒரு தகப்பனார் போனில் கத்தினார். "ஓட்டத்துல முதல் ரெண்டு பேரோட பேரு இருக்கு. மூணாவதா வந்த என் பொண்ணு பேரு எங்க? அவ எந்தக் கட்சின்னு எடுத்தீங்க சார்?"

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. மூன்றாம் இடத்தை நான் எழுதியது கடைசி வரியில்.

கடைசி வரி.

மார்ச் 16, திங்கள்

சோதித்துப் பார்த்தாயிற்று. நேற்று கத்தரி விடுப்பு. என் பிரதி நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போனது. அதே குழாய் விவகாரம். தலைவரின் மறுப்பை இரண்டாம் பத்தியில் வைத்தேன். கடைசியில் எந்தக் கட்சிக்கும் வலிக்காத ஒரு வரி: "கூட்டம் நடந்த அரங்கில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன."

இன்று வந்திருக்கிறது. மறுப்பு இருக்கிறது. மின்விசிறிகள் இல்லை. அந்த இடத்தில் ஒரு மெத்தை விளம்பரம்.

பக்கம் அமைப்பவரைக் கூப்பிட்டேன். "இடம் பத்தலன்னா அடியிலேர்ந்து எடுத்துருவோம் சார். படிச்சுப் பார்க்க எங்க நேரம்?"

பதிலைக் கடைசியில் வைப்பது என் பழக்கம். பக்கம் கத்தரி கையில் இருந்தவரை அவர் நடுவில்தான் வெட்டுவார், பதிலைத் தொடமாட்டார். இதை நான் இன்றுதான் யோசிக்கிறேன். சே.

மார்ச் 17, செவ்வாய்

ஆசிரியரிடம் கேட்டேன். அடியிலிருந்து எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

"ஜனவரியிலயே சொல்லிட்டாங்களே."

"அப்ப கத்தரிய ஏன் சார்—"

"இந்த ஆபீஸ்ல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லி மேலேர்ந்து உத்தரவு. எனக்கு ஒரு பேரு வேணும். பேரைக் கொடுத்தது நீங்கதானே?"

மார்ச் 18, புதன்

கத்தரி வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பேரைக் கொடுத்தது யார் என்பது உட்பட.

"தெரியும்" என்றார். "உங்களைத் தவிர யாரு கதவைச் சாத்திப் பேசினாங்க அன்னிக்கு?"

அச்சகத்துக்கு ஏன் போனீங்க?

"வேலை கேட்டு. ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு காதுல விழுந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க எதையும் செய்தியாக்கிடுவீங்களே."

கிடைத்ததா?

"கிடைக்கறதா இருந்துச்சு. இப்ப என்னைச் சேர்த்தா, அவரு கட்சிக்காகத்தான் நான் வெட்டினேன்னு ஊரு பேசறது உண்மையாயிடுமாம். பயப்படறாரு."

வாசகர்களுக்கு நான் எழுதிய விளக்கத்தை நீட்டினேன். பதில்கள் விடுபட்டது எப்படி, பக்கங்கள் எங்கே அமைகின்றன, எல்லாம் வரிசையாக. கத்தரி உள்ளே போய்க் கண்ணாடியும் பேனாவும் எடுத்து வந்தார். கதவு இப்போது முழுசாகத் திறந்திருந்தது. படித்தார். கடைசிப் பத்தியைச் சுற்றி வட்டம் போட்டு, முதல் வரிக்கு மேலே ஓர் அம்புக்குறி இழுத்தார்.

"இன்னுமா திருந்தலை நீங்க?"

வட்டத்துக்குள் இருந்த வரி: உதவி ஆசிரியருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை, அவரைச் சந்தேகித்தது இந்த நிருபரின் தவறு.

திருத்தி, மதியமே ஆசிரியரிடம் கொடுத்தேன். "வெள்ளிக்கிழமை இதழுக்குப் பார்ப்போம்" என்றார். வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அடியிலிருந்து எடுப்பவர்கள் தலைமை அலுவலகத்தில். முழுசாக எடுக்கக்கூடியவர் இங்கே.

உறுதியாகாதது: விளக்கம் வருமா, வேலைநீக்க உத்தரவு ரத்தாகுமா. முதலாவது வெள்ளிக்கிழமை காலைக் கட்டைப் பிரித்தால் தெரியும். இரண்டாவதற்கு மாதக் கடைசிவரை அவகாசம்.