இருபத்தாறு இஞ்ச்

ஜூன் 2

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று எழுதினால் நம்பவா போகிறீர்கள்? நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய நாலு வரியை நாற்பது தடவை படித்துவிட்டேன். படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, டாக்டர் கையை விரித்துவிட்டார், "அவ எப்ப வர்றா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதைப் படித்த அன்று ஆஸ்பத்திரியில் இரண்டு மாடி துடைத்தேன். எந்த இரண்டு என்று கேட்டால் தெரியாது. என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் என் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்களே, அதற்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

என் ஒப்பந்தம் ஜூலை 31-ல் முடிகிறது, அதற்கு முன் லீவு தர மாட்டேன் என்றுவிட்டார்கள். அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கி மறுநாள் விமானம் ஏறிவிடுவேன். அதுவரை பொறுத்திருக்கச் சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. கம்பெனி கொடுத்த இரண்டு செட் யூனிஃபார்மையும் திருப்பிக் கொடுத்தால்தான் பாஸ்போர்ட்டைக் கண்ணில் காட்டுவார்கள். ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்று உங்களிடம். போன வருடம் லீவில் வந்தபோது, பேன்ட்டில் தையல் விட்டிருக்கிறது, என் வீட்டுக்காரர் தையல்காரர்தானே என்று கொண்டுவந்தேன். நீங்கள் அதை விரலால் தூக்கிப் பிடித்து, "இதையா மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துற?" என்று கத்தினீர்கள். அந்தச் சண்டையில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். தைக்கவெல்லாம் வேண்டாம், கிழிந்தது கிழிந்தபடியே கூரியரில் அனுப்பிவிடுங்கள்.

போனில் கேட்கலாம் என்றால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா!

உங்கள் வாயாடி

*

ஜூன் 12

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தை அப்படியேதான் இருக்கிறார். காலையில் முகம் துடைத்து, புடவை மாற்றி, ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். பக்கத்து வீட்டு அக்கா மதியம் வந்து பார்த்துக்கொள்கிறாள். அந்த உடையைப் போட்டுக்கொண்டு நீ எடுத்து அனுப்பிய போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்க்கிறார்.

நீ கேட்டதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடையில் துணி மலைபோல் கிடக்கிறது, உனக்கே தெரியும். தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு சட்டைக்கும் பேன்ட்டுக்குமா இவ்வளவு பிடிவாதம்?

மறுபடியும் சண்டைக்கு இழுக்கிறேன் என்று நினைக்காதே. நாலு பேர் வீட்டுப் பெண்களுக்கு மானம் மரியாதையாக உடுத்தத் தைத்துக் கொடுக்கிறவன் நான். என் பெண்டாட்டி இடுப்போடு நிற்கிற சட்டையில் அடுத்தவர் முன்னால் குனிந்து தரை துடைக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அதை மட்டும் கொஞ்சம் யோசி.

உன் மாமா

*

ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

"தேடிக்கொண்டிருக்கிறேன்" என்ற வார்த்தையை நான் நம்பவில்லை. தீபாவளித் துணிக் குவியலில் ஒரு பட்டன் விழுந்தால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பீர்கள். உங்கள் கடையிலா துணி தொலையும்?

தொலைந்தது என்று இங்கே சொல்ல முடியாது மாமா. இந்த உடையைப் போட்டுக்கொண்டு வந்தால் மருந்து அறை வாசல்வரை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு செட் காணவில்லை என்றால் யார் கையில் போயிற்று என்று விசாரணை வைப்பார்கள். குறைந்தது மூன்று மாதம். அதுவரை பாஸ்போர்ட் கிடையாது. மூன்று மாதம் அம்மா தாங்குவாளா? நீங்களே சொல்லுங்கள்.

வெட்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும்தான் இருந்தது. நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பஸ்ஸில் இந்த உடைக்கு மேல் ஒரு நீளக் கோட்டை மாட்டிக்கொள்கிறோம், வேர்த்து ஊற்றினாலும் கழற்றுவதில்லை. விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி வேறு தேசம். அவள் இதே உடைக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, தலை நிமிர்ந்து நடு சீட்டில் உட்காருவாள். அவள் அப்பா இந்த உடையில் அவள் நிற்கிற போட்டோவைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம். "நீங்க எதை மறைக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். நான் கோட்டுப் பட்டனை இன்னும் இறுக்கிப் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் இருநூறு யூனிஃபார்ம் தைக்கிறவர் நீங்கள், உங்களுக்காவது தெரிகிறதா?

சண்டை இருக்கட்டும், நான் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். தயவுசெய்து அனுப்புங்கள்.

உங்கள் வாயாடி

*

ஜூன் 29

வாயாடிக்கு,

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த உடை இல்லை.

நீ கிளம்பிப் போன மறுநாள் அதை வெட்டிவிட்டேன். மெஷினுக்கு எண்ணெய் விட்டால் துடைக்கத் துணி வேண்டும், அதற்கு. வெட்டும்போது ஆத்திரமாக இருந்தது. வெட்டி முடித்ததும் இனி நீ அதைப் போட மாட்டாய் என்று ஒரு நிம்மதி வந்தது. என்ன புத்தியோ எனக்கு!

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷின் இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடினேன். காலர் கிடைத்தது. மார்புப் பாக்கெட் முழுசாகக் கிடைத்தது, கம்பெனி முத்திரையும் 417 என்ற உன் எண்ணும் அப்படியே இருக்கின்றன. கறை போக ஊறவைத்திருக்கிறேன். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஐந்து கடை ஏறி இறங்கினேன். அதே வெளிர்ப்பச்சை, அதே நெசவு. கிடைத்துவிட்டது.

தைத்துவிடுகிறேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி தைப்பேன், என்னால் முடியும். உன்னிடம் இருப்பதைப் பார்த்து அளவெல்லாம் எழுதி அனுப்பு. ஒரு சந்தேகம். கிழிந்த துண்டுகளில் முழங்கால் இடத்தில் உள்பக்கம் இரட்டைத் துணி இருக்கிறது. அது எதற்கு? இடது தோளில் மட்டும் துணி நைந்திருக்கிறது, அது ஏன்?

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அளவை அனுப்பு.

உன் மாமா

*

ஜூலை 7

மாமாவுக்கு,

திட்டித் திட்டி இரண்டு தாள் எழுதிக் கிழித்துப்போட்டேன். அம்மா போய்க்கொண்டிருக்கிறாள், திட்டுவதற்கு நேரமில்லை.

முழங்காலில் இரட்டைத் துணி ஏன் என்று கேட்டீர்கள். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் நுழையாது. முட்டி போட்டுத்தான் துடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது கட்டில். இடது தோள் நைந்தது அழுக்குத் துணி மூட்டையைச் சுமப்பதால். இரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான், தெரியுமா?

பக்கத்துக் கட்டில்காரியை நாடா பிடிக்கச் சொல்லி அளந்து எழுதுகிறேன். தோள் பதினாலரை. கை எட்டு. மார்புச் சுற்று நாற்பது. முன்பட்டியில் ஆறு பட்டன், வெள்ளை, நாலு துளை. சட்டை நீளம் தோளிலிருந்து இருபத்தாறு இஞ்ச். இருபத்தாறு. பேன்ட் நீளம் முப்பத்தெட்டு, இடுப்பில் எலாஸ்டிக், கணுக்காலில் ஒரு இஞ்ச் மடிப்பு. பாக்கெட் ஓரத்தில் இரட்டைத் தையல்.

ஒரு நூல்கூட மாறக் கூடாது மாமா. யூனிஃபார்மைத் திருப்பி வாங்குகிற ஸ்டோர்காரர் நல்லவர்தான், ஆனால் எமகாதகர். அம்மாவின் முகத்தை நான் பார்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

வாயாடி

*

ஜூலை 17

அன்புள்ள வாயாடிக்கு,

முடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அதனுடனே வைத்து அனுப்புகிறேன். புதுசு என்று தெரியக் கூடாதென்று ஏழு தடவை துவைத்து வெயிலில் போட்டேன். இடது தோளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்திருக்கிறேன். உன் பாக்கெட்டைப் பழைய தையல் துளையிலேயே ஊசியை விட்டு வைத்தேன். இஸ்திரி போட்டு, மடித்து, காகிதத்தில் சுற்றியிருக்கிறேன்.

முழங்காலுக்கு இரட்டைத் துணி வைக்கும்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். துணி எடுக்க வந்த வாத்தியாரம்மா பயந்துபோய், "என்னண்ணே, கையில ஊசி ஏறிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் அத்தையிடம் காட்டினேன். பேச்சு குறைந்துவிட்டது, ஆனால் கண் பளிச்சென்று இருக்கிறது. சட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். "எம் பொண்ணு சட்டை. நல்லாத்தான் தச்சிருக்கீங்க மாப்ள" என்றார். அவருக்கு இதில் ஒரு வெட்கமும் இல்லை. எனக்குத்தான் இருந்திருக்கிறது.

ஆனாலும் என் மனசுக்கு ஒப்புகிற மாதிரி, உனக்கு நல்லதாகத்தான் தைத்திருக்கிறேன். சீக்கிரம் வா. "வந்துடுவாளா?" என்று அத்தை ஜாடையில் கேட்கிறார். ஒன்றாம் தேதி என்று விரல் காட்டுகிறேன்.

உன் மாமா

*

ஆகஸ்ட் 3

மாமாவுக்கு,

நான் வரவில்லை.

பார்சல் முப்பத்தொன்றாம் தேதி காலையில்தான் வந்தது. பத்து மணிக்கு ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். உங்கள் கடிதத்தை மட்டும் உருவிக்கொண்டு, காகிதத்தோடு அப்படியே கொண்டு ஓடினேன். நீங்கள் தைத்ததை நான் எதற்குப் பிரித்துப் பார்க்க வேண்டும்? மடிப்புக் கலைந்துவிடுமே என்றுகூட நினைத்தேன்.

ஸ்டோர்காரர் முத்திரையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், தோளைத் தடவினார். தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். அப்புறம் இரண்டு சட்டையையும் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மடிக்கப் போனார். உங்களுடையது கீழே எட்டிப் பார்த்தது. நாடாவை எடுத்து அளந்தார். இருபத்தொன்பது.

மூன்று இஞ்ச், மாமா.

"கத்தரி கொடுங்க, இங்கயே மடிச்சு அடிச்சுத் தர்றேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். நீளம் இப்போது பிரச்சினை இல்லையாம். இதைத் தைத்தது யார், முத்திரை எப்படி வந்தது, இன்னும் எத்தனை தைத்தாய் என்று மேலதிகாரி கேட்டார். உள்ளதைச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு இந்த உடை பிடிக்காது, வெட்டிவிட்டார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "ஏன், இது அசிங்கமான உடுப்பா?" என்று தன் சட்டையையே குனிந்து பார்த்துக்கொண்டார். அவரும் யூனிஃபார்ம்தான் போட்டிருந்தார்.

விசாரணை முடியும்வரை பாஸ்போர்ட் கிடையாது. டிக்கெட் போயிற்று. அம்மாவிடம் என்ன சொல்வீர்களோ சொல்லுங்கள்.

ஏன் மாமா அந்த மூன்று இஞ்ச்?

*

ஆகஸ்ட் 14

என் வாயாடிக்கு,

ஒன்பதாம் தேதி விடியும்போது அத்தை போய்விட்டார். உன் விடுதிக்கு நாலு தடவை போன் செய்தேன். சேதியைச் சொல்லிவிட்டோம், ஆனால் பேச வர மாட்டேன் என்கிறாள் என்றார்கள். கொள்ளி நான்தான் வைத்தேன். கடைசிவரை ஒன்றாம் தேதி எப்போது வரும் என்றுதான் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். அது வந்து போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. உன் போட்டோ கையில் இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில். இருபத்தாறு என்றுதான் துணியில் கோடு போட்டேன். கத்தரியை வைத்ததும், குனிந்தால் இடுப்பு தெரியுமே என்று தோன்றிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போகிற சட்டை, இனி நீ அதைப் போடப்போவதே இல்லை. எல்லாம் தெரிந்தும் அந்தக் கோட்டை அழித்துவிட்டுக் கொஞ்சம் கீழே தள்ளி வேறு கோடு போட்டேன். மூன்று இஞ்ச்சை யார் அளக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். உன்னை மூடிக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். பாவி நான்.

வந்து என் முகத்தில் காறித் துப்பு, வாங்கிக்கொள்கிறேன். வராவிட்டாலும் ஒரு வரி எழுது. நீ பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஏதாவது பேசு.

உன் மாமா

*

செப்டம்பர் 2

தையல்காரருக்கு,

இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் விசாரணையை மூடிவிடுகிறோம் என்றார்கள். போட்டுவிட்டேன். அங்கே நான் வந்து பார்க்க வேண்டியவர்கள் இப்போது யாரும் இல்லை.

புதிதாக இரண்டு செட் கொடுத்திருக்கிறார்கள். சட்டை இருபத்தாறு இஞ்ச். முட்டி போட்டாலும் மூட்டை தூக்கினாலும் எங்கேயும் தட்டுவதில்லை, எனக்கு அது போதுமானதாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் மேலே மாட்டும் கோட்டை வெட்டித் துடைக்கிற துணியாக்கிவிட்டேன்.

அம்மாவை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. அதை நான் மறக்க மாட்டேன். மற்றதையும் மறக்க முடியவில்லை.

அம்மாவின் கையில் இருந்த அந்தப் போட்டோவை மட்டும் கூரியரில் அனுப்பிவிடுங்கள். வேறெதுவும் சேர்க்க வேண்டாம். அப்படியே அனுப்புங்கள்.