ஒரே கப்பலில் வந்தவர்கள்

என் அப்பாவுக்கு, நீங்கள் போன பிறகும் உங்களோடு சண்டை ஓயாத மகன் எழுதுகிறேன்.

தேவாலாவில் மழை விடவில்லை. பச்சைத் தேயிலைக்கு மறுபடியும் விலை இல்லை. ஃபாக்டரி பாதி நாள் ஓடுவதில்லை. அன்றும் இப்படி ஒரு நேரம் பார்த்துத்தானே அந்த ஆள் வந்தான்?

"ஐயாவும் எங்கப்பாவும் ஒரே கப்பல்ல வந்தவங்க" என்றான். உங்களுக்கு அது போதும். இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் வந்தவரிடம் முகவரி கேட்பது நம் தோட்ட லைன் வீடுகளில் மரியாதைக் குறைவு. சென்னையில் குழந்தை பார்க்கும் வேலை, படிக்கவும் வைப்பார்கள் என்றான். பதினொரு வயதுத் தங்கச்சி செல்வியை அனுப்பினீர்கள். என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினீர்கள். ஏன் அப்பா அவளை மட்டும்?

வளர்ந்த பிறகு அவளாகத்தான் தப்பி வந்தாள். அங்கே அடிபட்ட வலது கை இன்றும் முழுதாக நீளாது. அவளைத் தேடாத மேனேஜர், யூனியன், போலீஸ், யாரையும் நான் மன்னிக்கவில்லை. முதலில் உங்களை. "வேலைக்குத்தானே அனுப்பினேன்" என்றே கடைசிவரை சொன்னீர்கள். அதன் பெயர் கடத்தல். ஒரு குழந்தையை அப்படிக் கைமாற்றிவிட, பெற்ற தகப்பனுக்கும் உரிமை கிடையாது.

போன வாரம் இன்னொருவன் அதே வேலைப் பேச்சோடு ஜீப்பில் வந்தான். பக்கத்து வீட்டு முனியாண்டி தன் சின்ன மகள் கவிதாவின் பையை ஏற்றிவிட்டார். "நம்ம கப்பல் ஆளுதான் தம்பி" என்றார். நான் சட்டம் சொன்னேன். "ஒங்க சட்டத்த ஒலையில போட்டா சோறாகுமா?" என்று கேட்டார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செல்வி நேரே போய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்கக்கா வர்ற?" என்றான் அவன்.

"புள்ள இருக்கப்போற வூட்டப் பார்த்துட்டு வாறேன். ஒரே கப்பல் சொந்தம்தானே, என்னையும் கூட்டிட்டுப் போ."

"எல்லாம் பேசி முடிச்சாச்சு. எறங்கு."

"வூடு எங்கன்னு சொல்லு, எறங்குறேன்."

அவன் சொல்லவில்லை. முனியாண்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை அவரே இறக்கினார்.

திரும்பி நடக்கையில் செல்வி கேட்டாள்: "அப்பா இத ஏண்ணே கேக்கல?"

நீங்கள்தான் சொல்லுங்கள்.

நாளை கூடலூர் போலீஸில் அவள் வாக்குமூலம் கொடுக்கிறாள், ஜீப்காரனைப் பற்றியும், அன்று அவளைக் கூட்டிப் போனவனைப் பற்றியும். தகப்பன் பெயர் கேட்பார்கள், சொல்வாள். உங்களுக்காக நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் இனி எந்த வாசலுக்கும் அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
செல்வியின் அண்ணன்